குழந்தைப் பருவத்தில் அடிபட்ட பிள்ளைகள்: மனநல உதவியை எப்போது தொடங்குவது?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

எப்போதும் கதவுக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவாள், முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். பை மடியிலேயே இருக்கும். பின்னால் யாராவது நாற்காலியை இழுத்தால் உடம்பு ஒருமுறை தூக்கிப்போடும். அடுத்த நொடி ஒன்றும் நடக்காத மாதிரி எழுதத் தொடங்கிவிடுவாள். ஆசிரியர் யாராவது குரலை உயர்த்தினால், அது வேறு பிள்ளையைப் பார்த்துச் சொன்னதாக இருந்தாலும், அன்று முழுக்க இவள் வாயே திறப்பதில்லை. மதிப்பெண் மட்டும் நன்றாகவே வாங்குகிறாள்.

வீட்டில் நடந்தது ஓரளவு தெரியும். அப்பாவின் குடி, அம்மாவுக்கு விழுந்த அடி, அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை. இப்போது அம்மாவும் அவளும் தனியாக, பத்திரமாக இருக்கிறார்கள். குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் ஏற்கெனவே தெரியும்.

பள்ளிக் கவுன்சிலரிடம் சொன்னேன். "படிப்பு கெடவில்லை, யாரோடும் தகராறு இல்லை, நோய் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். அக்கறை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன், அவரிடம் காத்திருக்கும் பிள்ளைகள் அவ்வளவு பேர். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பெயர் வைக்கும் அளவுக்கு முற்றிய பிறகுதான் உதவி கிடைக்குமா? அதுவரை நான் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

நிழல்மரம்

குழந்தைகளுக்கும் இளையோருக்குமான உளவியலாளராக வேலை பார்க்கிறேன், டீச்சர். நேரில் பார்க்காத பிள்ளையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதமான பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

2011-இல் லண்டனில் ஈமன் மெக்ரோரியின் குழு ஒரு ஆய்வு வெளியிட்டது. வீட்டு வன்முறைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோப முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதிகளான அமிக்டலாவும் முன் இன்சுலாவும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக விழித்துக்கொண்டன. போர்க்களம் கண்ட சிப்பாய்களிடம் காணப்படும் அதே மாதிரி. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகள் யாருக்கும் அப்போது மனநோய் என்று எதுவும் இல்லை. வெளியில் பார்த்தால் எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

இதை "மூளை கெட்டுவிட்டது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது அடி விழும் என்று தெரியாத வீட்டில், காலடிச் சத்தத்தை வைத்தே ஆளின் மனநிலையைக் கணிக்கத் தெரிந்த பிள்ளைதான் தப்பிக்கும். அந்தத் திறமை அவளைக் காப்பாற்றியிருக்கிறது. வீடு மாறிவிட்டது என்ற செய்தி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்காக அவள் கொடுக்கும் விலை பெரியது. தூக்கம் போகும், சும்மா இருப்பவர் முகம்கூட முறைப்பது மாதிரி தெரியும், சிநேகிதிகள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். மதிப்பெண் அட்டையில் இது எதுவும் வராது. மேசையை உதைக்கிற பிள்ளைக்கு எப்படியோ ஒரு கவுன்சிலர் கிடைத்துவிடுகிறார். சத்தமே இல்லாத பிள்ளையைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம்.

"பார்ப்போம்" என்பது எப்போதும் தப்பான பதில் இல்லை. பாதிப்பு லேசாக இருந்தால் ஒரு மாதம் போல கவனித்துப் பார்ப்பது முறையான வழிதான். ஆனால் அதற்குத் தேதி வேண்டும், யார் கவனிக்கிறார்கள் என்று ஒரு ஆள் வேண்டும், எதைக் கவனிக்கிறோம் என்ற தெளிவும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத "பார்ப்போம்" வெறும் கைகழுவல். கவுன்சிலரிடம் திரும்பப் போய், "எந்தத் தேதியில் மறுபடி பேசலாம்? அதுவரை நான் எதைக் குறித்து வைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சண்டை போடவே வேண்டாம், இந்த இரண்டு கேள்வி போதும்.

கேள்விக்குறி

கொஞ்சம் மாறுபட்ட கருத்து, யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை.

நாங்கள் வளர்ந்த காலத்தில் அடி வாங்காத பிள்ளை அபூர்வம். அதில் பெரும்பாலோர் நன்றாகத்தான் வாழ்கிறோம். இன்று ஒரு பிள்ளை சுவர் ஓரமாக உட்கார்ந்தால்கூட ட்ராமா, அதாவது ஆழமான மன அதிர்ச்சி, என்கிறோம். பதினான்கு வயதுப் பெண்ணை உட்கார வைத்து "உனக்குள் ஒரு காயம் இருக்கிறது" என்று நாமே சொல்லிக்கொடுத்தால், அவள் வாழ்நாள் முழுக்க அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தன்னைப் பார்ப்பாள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களில் ஒருத்திக்கு இப்படி ஒரு முத்திரை விழுந்தால் அது உதவி என்று எனக்குத் தோன்றாது. தானாகவே சரியாக வாய்ப்புள்ள பிள்ளையை நாம் நோயாளி ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தரவுப்பிரியன்

பொது சுகாதார ஆய்வுதான் என் தொழில். கேள்விக்குறி சாரின் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைப் பருவத் துன்பம் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட ஏஸ் (ACE, சிறுவயதுத் துன்ப அனுபவங்கள்) ஆய்வை. அமெரிக்காவின் சான் டியேகோவில் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த பெரியவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, வீட்டில் குடி, அம்மாவுக்கு அடி, குடும்பத்தில் ஒருவர் சிறைக்குப் போனது என்று வகைவகையாக. எத்தனை வகை பட்டார்களோ அதுதான் ஒருவரின் ஸ்கோர். எல்லாச் சுற்றும் சேர்த்து 17,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குக் குறைந்தது ஒன்றாவது இருந்தது. நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான அபாயம், ஒன்றுமே படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது.

இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனிப் பிள்ளையை நிறுத்தி வைத்து "உன் ஸ்கோர் ஐந்து, அதனால் உனக்கு இப்படி ஆகும்" என்று சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-இல் அண்டாவே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார். 2021-இல் ஜெஸ்ஸி பால்ட்வின் குழு பிரிட்டன், நியூசிலாந்து தரவுகளை வைத்துப் பார்த்தபோதும் அதேதான் தெரிந்தது. ஸ்கோரை வைத்து யாருக்குப் பின்னால் பிரச்சினை வரும் என்று ஆள் ஆளாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே முத்திரை குத்தாதீர்கள் என்பது சரி.

இனி மற்றப் பாதி. "பெரும்பாலோர் நன்றாக இருக்கிறோம்" என்று சொல்பவர்கள் நன்றாக இருப்பவர்கள்தான். நன்றாக இல்லாதவர்கள் இந்த இழைக்கே வந்திருக்க மாட்டார்கள். ரொனால்ட் கெஸ்லர் குழு 2005-இல் அமெரிக்கத் தரவை வைத்துச் சொன்னது: வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. டீச்சர் சொல்லும் பெண்ணின் வயதும் பதினான்குதான். உதவியை முத்திரையிலிருந்து பிரித்துக் கொடுக்க முடியும். தூக்கம் வராத பிள்ளைக்குத் தூங்கக் கற்றுக்கொடுக்க எந்த நோயின் பெயரும் தேவையில்லை.

கடைசிபெஞ்ச்

நீண்ட நாளாக வாசிக்க மட்டும் செய்பவன். இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. டீச்சர் சொல்லும் பெண்ணின் இடத்தில் ஒரு காலத்தில் நான் இருந்தேன்.

கேள்விக்குறி அண்ணா, எனக்குக் காயம் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு ஒன்றை நானே கற்றுக்கொண்டேன்: நான்தான் கெட்டவன், அதனால்தான் வீட்டில் இப்படி நடக்கிறது. யாரும் எதுவும் சொல்லாமல் விட்டால் பிள்ளையின் மனசு காலியாக இருக்காது. ஏதாவது ஒரு காரணத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்தக் காரணம் 'தப்பு என்மேல்தான்' என்பதாகவே இருக்கும்.

எனக்கு உதவியதும் முதலில் கவுன்சிலர் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக ஒருவர் இருந்தார். பள்ளி முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அங்கே சுற்றிக்கொண்டிருப்பேன். ஒருநாள் சோதனைக் குழாய்களைக் கழுவும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். பிறகு தினமும் அதுதான் வேலை. குழாய்களைக் கழுவித் தலைகீழாகத் தாங்கியில் மாட்டுவது, பாட்டில்களில் அழிந்துபோன எழுத்துக்குப் புது லேபிள் எழுதி ஒட்டுவது. கேள்வி எதுவும் கேட்க மாட்டார். ஆனால் நான் எழுதிய லேபிளை ஒவ்வொரு முறையும் வாசித்துப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவே மறுநாள் பள்ளிக்குப் போவேன்.

பல மாதம் கழித்து நானாகவே சொன்னேன். முழுதாகக் கேட்டார். அப்புறம் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது: "இதை நான் ஒருத்தன் மட்டும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. உனக்கு ஆபத்து. யாரிடம் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்குத் தெரியாமல் அவர் எதையும் செய்யவில்லை. அதனால்தான் பின்னால் ஒரு உளவியலாளரிடம் போக ஒத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விசாரிக்க வந்த ஒவ்வொருவரும் முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவை சொன்ன இரவும் தூக்கம் போச்சு. டீச்சர், அந்தப் பெண்ணிடம் என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள்.

கரும்பலகை

//கேள்வி எதுவும் கேட்க மாட்டார். ஆனால் நான் எழுதிய லேபிளை ஒவ்வொரு முறையும் வாசித்துப் பார்த்துத் தலையாட்டுவார்//

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. எனக்கு வேண்டிய பதிலில் பாதி இதிலேயே கிடைத்துவிட்டது.

வளர்ப்புத்தாய்

என் தங்கை மகன் எங்களோடு இருக்கிறான், பதினோரு வயது. ஏன் வந்தான் என்பதை இங்கே எழுதவில்லை. டீச்சர் சொல்லும் பெண்ணுக்கு நேர் எதிர் இவன். சின்ன விஷயத்துக்குக் கையில் கிடைத்ததை எறிவான். சாப்பாட்டை எடுத்துத் துணி அலமாரியில் ஒளித்து வைக்கிறான். வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கேட்டால் "நான் வைக்கலை" என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறான்.

பள்ளியில் கவனக்குறைவு நோயாக இருக்கலாம், மாத்திரை கேட்டுப் பாருங்கள் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் கண்டிப்புப் போதவில்லை என்கிறார்கள். சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், முறை வர நாளாகும் போலிருக்கிறது. இந்த நடுப்பட்ட காலத்தை எப்படி ஓட்டுவது? சொல்லப்போனால் எனக்கே யாராவது கவுன்சிலிங் கொடுத்தால் தேவலை என்று இருக்கிறது.

நிழல்மரம்

அக்கா, கடைசியில் எழுதியிருப்பதிலிருந்து தொடங்குகிறேன், அது ஓரமாக விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட சிகிச்சைகளில் வளர்க்கிறவரும் பாதி ஆள். ட்ராமாவை மையமாக வைத்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை) முறையை ஜூடித் கோஹன், ஆண்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கினார்கள். அதில் பிள்ளைக்கு எவ்வளவு நேரமோ, ஏறக்குறைய அதே அளவு நேரம் வளர்ப்பவருக்கும் உண்டு. உங்கள் முறை வரும்போது "என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள். பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு உங்களை வெளியே உட்கார வைக்கும் இடம் என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும் என்று பலருக்குப் பயம். வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் வரை போகும், சிக்கல் அதிகமென்றால் இன்னும் நீளும். முதல் சில வாரங்களில் நடந்ததைப் பற்றிய விரிவான பேச்சே இருக்காது. கோபம் உடம்பில் எங்கே ஏறுகிறது, மூச்சை எப்படி இறக்குவது, பயத்துக்கும் ஆத்திரத்துக்கும் வித்தியாசம் என்ன என்பதையெல்லாம் பழகுவார்கள். அது கைவந்த பிறகுதான் நடந்ததை மெதுவாக, பிள்ளை தாங்கும் அளவுக்கு, எழுத்திலோ படத்திலோ சொல்ல வைப்பார்கள். கடைசிபெஞ்ச் தம்பி பட்ட அவஸ்தைக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். அவரைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு எதுவும் இல்லாமலே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை பற்றி: சிறுவயதுத் துன்பத்தால் வரும் விழிப்பு நிலை, வெளியே பார்த்தால் கவனக்குறைவு மாதிரியே இருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் நல்ல மருத்துவர் வீட்டு வரலாறு, தூக்கம் எல்லாம் கேட்ட பிறகே முடிவெடுப்பார். அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறுக்கு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்து கொடுக்க வேண்டாம், பேச்சு வழிச் சிகிச்சையே முதல் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டுதலில் சொல்கிறது. கவனக்குறைவு நோய் உண்மையாகவே இருந்தால் அதற்கு மருந்து பயனளிக்கும், அது தனிக் கணக்கு. ஏற்கெனவே ஏதாவது மருந்து ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இப்போது அலமாரி. பசியோடு விடப்பட்ட பிள்ளைகள் ஒளித்து வைப்பார்கள். அதைத் திருட்டு, பொய் என்று பிடித்தால் இன்னும் ஆழமான இடம் தேடுவார்கள். மூடி போட்ட டப்பா ஒன்றை அவன் பெயர் எழுதி அவன் அறையிலேயே வையுங்கள். கெடாத தின்பண்டம் எப்போதும் அதில் இருக்கட்டும். குறையும்போது ஒரு வார்த்தையும் சொல்லாமல் நிரப்புங்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊற நாளாகும். பொருளை எறியும் நேரத்தில் புத்தி சொல்ல வேண்டாம், அப்போது அவன் காதில் எதுவும் ஏறாது. குரலைத் தணித்து, குறைவாகப் பேசி, பக்கத்திலேயே இருங்கள். உடைந்ததைப் பற்றி அவன் அடங்கின பிறகு பேசலாம்.

வளர்ப்புத்தாய்

டப்பா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே வைக்கிறேன்.

கேள்விக்குறி

கடைசிபெஞ்ச் தம்பி சொன்னதை இரண்டு மூன்று முறை படித்தேன். யாரும் சொல்லாவிட்டால் பிள்ளை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் இதைப் பெரிய அளவில் எப்படிச் செய்வது? எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள் சிலர். எல்லா வகுப்பிலும் மனநலப் பாடம் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். இதெல்லாம் பயன் தருகிறதா?

தரவுப்பிரியன்

பாடம் வைப்பதைப் பற்றி நல்ல ஆய்வு இருக்கிறது. மிரியட் என்ற பெயரில் பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்தது, முடிவுகள் 2022-இல் வந்தன. வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர்கள் மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் கவனத்தை நிறுத்தும் மனப் பயிற்சி) கற்றுக்கொடுத்தார்கள். வழக்கமான பாடத்தைவிட அதனால் மனநலம் மேம்படவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது கொடுத்தால் தேவைப்படும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

கேள்வித்தாளைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு கறாரானது: பின்னால் ஆள் இல்லாமல் கேட்கக் கூடாது. "வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டு, அது "ஆமாம்" என்று எழுதி, அந்தத் தாள் ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை யாரிடமும் ஆமாம் சொல்லாது.

நம்பிக்கை தரும் முயற்சி என்றால் ஆஸ்திரேலியாவின் ஹெட்ஸ்பேஸ் மையங்கள். 2006-இல் தொடங்கியவை. அந்த எண்ணத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரி. 12 முதல் 25 வயது வரை யார் வேண்டுமானாலும் மருத்துவர் கடிதம் இல்லாமல் உள்ளே போகலாம். நோயின் பெயர் கேட்க மாட்டார்கள். உடல்நலம், வேலை, படிப்பு, போதை எல்லாவற்றுக்கும் ஒரே கூரையின் கீழ் ஆள் இருப்பார்கள். அயர்லாந்தின் ஜிக்சா, கனடாவின் ஃபவுண்ட்ரி இரண்டும் இதே வழியில் போகின்றன. குறை இல்லாமல் இல்லை, பாதிப்பு ஆழமாக உள்ளவர்களுக்கு அங்கே கிடைக்கும் சில அமர்வுகள் போதவில்லை என்ற விமர்சனம் உண்டு. ஆனால் கதவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் பார்த்ததில் சிறந்த மாதிரி இதுதான்.

கரும்பலகை

எல்லோர் பதிலையும் குறித்து வைத்துக்கொண்டு கவுன்சிலரிடம் திரும்பப் போனேன். தேதி கேட்டதும் அவரே டைரியைத் திறந்தார். அடுத்த மாத முதல் வாரம் மறுபடி பேசுகிறோம். அம்மாவிடம் தூக்கம், தலைவலி, வயிற்றுவலி பற்றிக் கேட்கச் சொன்னார், கேட்டேன். பிள்ளை இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லையாம். அம்மாவும் இதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது வெளியே ஒரு குழந்தை உளவியலாளருக்குப் பரிந்துரைக் கடிதம் போயிருக்கிறது.

வகுப்பில் இடத்தை மாற்றச் சொல்லி அவளை இனி யாரும் வற்புறுத்த மாட்டார்கள், மற்ற ஆசிரியர்களிடம் காரணம் சொல்லாமலே கேட்டுக்கொண்டேன். வருகைப் பதிவேட்டை அலுவலக அறைக்குக் கொண்டுபோகும் வேலையைக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசுகிறோம், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. அவளுடைய கட்டுரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் "நான் இல்லாமல் இருந்தால் அம்மாவுக்கு நிம்மதி" என்று எழுதியிருந்தது. நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நிழல்மரம்

கேளுங்கள், டீச்சர். தள்ளிப்போட வேண்டாம். மேட்லின் கூல்டின் குழு நியூயார்க் மாநிலத்தில் 2,342 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைத்தான் சோதித்தது, 2005-இல் வெளியானது. தற்கொலை பற்றிக் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் இறுக்கத்தைக் குறைத்தது.

தனியாக, கதவுப் பக்கத்தை அவளுக்கு விட்டு உட்காருங்கள். "நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். உன்மேல் கோபம் இல்லை. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, அம்மா எவ்வளவு கஷ்டப்படுகிறார் பார்" என்று ஆரம்பிக்க வேண்டாம். தான் சுமை என்று நினைக்கும் பிள்ளைக்கு அது அந்த நினைப்பையே உறுதிசெய்யும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆய்வக உதவியாளர் சொன்ன அதே வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அவள் ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாள் என்று சொன்னால், அவளைத் தனியே விடாமல் கவுன்சிலரையும் அம்மாவையும் உடனே கூப்பிட்டு, அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவிலோ நெருக்கடி உதவி எண்ணிலோ பேச வேண்டும். இல்லை என்றாலும் கவுன்சிலருக்கும் அம்மாவுக்கும் இன்றே தெரிந்தாக வேண்டும், அதையும் அவளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். உளவியலாளருக்குப் போன கடிதத்தில் இந்த வரியைச் சேர்த்தால் வரிசையில் முன்னுக்கு எடுப்பார்கள். அடுத்த மாதத் தேதி இனி செல்லாது.

கரும்பலகை

கேட்டேன். அழுதாள். சில சமயம் தோன்றும், எப்படி என்றெல்லாம் யோசித்ததில்லை என்றாள். அம்மா வந்தார், கவுன்சிலரும் இருந்தார். உளவியலாளரிடம் இந்த வாரமே நேரம் கிடைத்துவிட்டது. அதுவரை இரவில் அம்மா அவளோடு படுத்துக்கொள்கிறார், யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூவரும் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம். விளக்கு எரியட்டும் என்று முடிவு.

மழைக்காகிதம்

முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு வயது 27. இதில் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்று படிக்கும்போது எனக்கு நேரம் கடந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

தரவுப்பிரியன்

இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை தொடர்ந்தார்கள். துன்பம் அதிகம் பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் பெரிய சிக்கல் இல்லாமலே வளர்ந்தார்கள், அவர்கள் வாழ்வில் நிலையான ஒரு பெரியவராவது இருந்தார். எல்லோரும் எடுத்துச் சொல்வது இதைத்தான். அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவு உங்களுக்கானது: பதின்ம வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பதுகளில் தேறிவிட்டார்கள். படிப்பைத் திரும்பத் தொடங்கியது, நல்ல துணை அமைந்தது, ஒரு வேலையில் நிலைத்தது என்று வழிகள் வேறு வேறு. பெரியவர்களுக்கான ட்ராமா சிபிடி, இஎம்டிஆர் (கண் அசைவுகளோடு பழைய நினைவுகளைக் கையாளும் சிகிச்சை) இரண்டும் இருபதுகளில் தொடங்கினாலும் பலன் தருபவை.

மழைக்காகிதம்

நன்றி. விசாரிக்கிறேன்.

வளர்ப்புத்தாய்

இன்னொரு சந்தேகம். எங்கள் குடும்பத்தில் மூத்தவள் ஒருத்தியும் சிகிச்சையில் இருக்கிறாள், அடுத்த வருடம் 18 முடிகிறது. அதோடு குழந்தைப் பிரிவில் பார்க்க மாட்டார்களாம். பழகின உளவியலாளரை விட்டுவிட்டுப் புது ஆளிடம் போவதா என்று இப்போதே பயப்படுகிறாள். இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடுமா?

நிழல்மரம்

அந்த வயதில்தான் நிறையப் பேர் கைநழுவிப் போகிறார்கள், அதனால் அவள் பயம் நியாயமானது. மெக்கோரி போன்றவர்கள் 25 வயது வரை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று வாதாடுவதற்குக் காரணமும் இதுதான்.

ஒரு வருடம் இருப்பது நல்லது. பிறந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே மாற்றத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்கள் பிரிவில் அவளைப் பார்க்கப் போகிறவர் யார் என்று பெயர் தெரியட்டும். பழைய உளவியலாளரும் புதியவரும் அவளும் சேர்ந்து உட்காரும் அமர்வு குறைந்தது ஒன்றாவது வேண்டும். அவள் வரலாற்றைப் பழையவர் எழுத்தில் கொடுக்கட்டும், எதைச் சேர்க்கலாம் எதை விடலாம் என்று அவளே படித்துப் பார்த்துச் சொல்லட்டும். அப்படிச் செய்தால் புது ஆளிடம் முதல் வார்த்தையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. 18 வயதுக்குப் பிறகு கையெழுத்துப் போடுவது அவள்தான், அவள் சம்மதம் இல்லாமல் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் என்னென்ன சொல்லலாம் என்று இப்போதே அவளோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.